ரிவர்ஸ் ஆக்‌ஷன் அனுபவங்கள்: வாங்குபவர் பக்கமும் சப்ளையர் பக்கமும்

பர்ச்சேஸ் மேலாளர், கோவை:

விவசாய பம்பு செய்யும் நிறுவனத்தில் காஸ்டிங், அதாவது உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிச் செய்யும் பாகங்கள், வாங்குவது என் வேலை. எங்கள் மேலிடம் இணையம் வழியாகக் கொள்முதல் செய்யும் இ-சோர்சிங் மென்பொருள் ஒன்றை வாங்கியது. வாங்கிய காசுக்குச் சேமிப்பு காட்ட வேண்டுமே, அதனால் அட்டைப் பெட்டி, நட்டு போல்ட், பெயின்ட் எல்லாவற்றையும், சப்ளையர்கள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும் ஏலமான ரிவர்ஸ் ஆக்‌ஷனுக்குப் போட்டார்கள். பொய் சொல்லக் கூடாது, அவற்றில் நன்றாகவே வேலை செய்தது. அட்டைப் பெட்டிக்கு அளவும் ப்ளையும் (எத்தனை அடுக்கு) ஜிஎஸ்எம்மும் (தாளின் எடை) சொன்னால் போதும், யார் கொடுத்தாலும் பெட்டி பெட்டிதான்.

அடுத்து காஸ்டிங்குக்கு வந்தார்கள்.

பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். தொடக்க விலையை நாங்கள் வைப்போம். சப்ளையர்கள் அவரவர் அலுவலகத்தில் உட்கார்ந்தபடி அதற்குக் கீழே கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் குறைந்தது இவ்வளவு இறங்க வேண்டும் என்று ஒரு படி உண்டு. எங்களுடையது கிலோவுக்கு 25 காசு. அடுத்தவர் விலை தெரியாது, தான் எத்தனையாவது இடத்தில் இருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். கடைசி நிமிடங்களில் யாராவது இறங்கினால் நேரம் தானாகவே நீளும்.

எங்களுக்குப் பல வருடமாக வால்யூட் கேசிங் (பம்பின் வெளிக்கூடு) ஊற்றித் தந்தவர் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். புதியவர் ஒருவர் எல்-1, அதாவது மிகக் குறைந்த விலை கேட்டவர், ஆனார். பேட்டர்ன்களை (மணலில் அச்சு எடுக்க வைக்கும் மாதிரிகள்) லாரியில் ஏற்றி அவருக்கு அனுப்பினோம். அதன் பிறகுதான் வேடிக்கை. கேசிங்கில் தண்ணீர் ஓடும் உள்வழி, அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டியான கோரில் உருவாவது. கோர் கொஞ்சம் நகர்ந்தாலும் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். அதை எப்படி நிறுத்தி வைப்பது என்பது எந்த டிராயிங்கிலும் இல்லை, பழைய பவுண்டரியின் (வார்ப்புப் பட்டறை) மோல்டர் (மணல் அச்சு கட்டுபவர்) கையில் இருந்தது. உள்ளே காற்று அடைத்து விழும் ஓட்டையான பிளோ ஹோலோ மெஷினில் கடைந்த பிறகுதான் கண்ணில் படும். கெட்டுப்போன காஸ்டிங்கைத் திருப்பி அனுப்பி அதன் விலையைக் கழிக்க டெபிட் நோட் போடலாம். கடைந்த கூலி யார் கணக்கு? ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதற்குள் காஸ்டிங்குக்கு மூலப்பொருளான பிக் அயர்ன் விலை ஏற, அந்தப் புதியவர் ரேட்டை உயர்த்தச் சொல்லி மெயில் போட்டார். மென்பொருளின் அறிக்கையில் மட்டும் அந்தச் சேமிப்பு இன்னும் பச்சை நிறத்தில் நிற்கிறது.

மற்றவர்களுக்கு எப்படி?

பவுண்டரி நடத்துபவர்:

அந்தப் பாதியில் நிறுத்திய ஆள் நான் இல்லைங்க. ஆனால் நானும் அப்படி நிறுத்தியவன்தான்.

ஏலம் நடந்தபோது பையன் கம்ப்யூட்டர் முன்னால், நான் பக்கத்தில் கால்குலேட்டரோடு. மூன்றாவது இடம் என்று காட்டியது. நாலணா இறங்கினோம், இரண்டாவது இடம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் மூன்றாவது. இப்படியே போனது. நடுவில்தான் எனக்கு ஒரு கணக்கு உறைத்தது. அந்த கம்பெனி பணம் தருவது 90 நாளில். பிக் அயர்ன்காரருக்கு நான் ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும், சனிக்கிழமை கூலி, மாதம் பிறந்தால் கரண்ட் பில். ஓவர்டிராஃப்ட் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றே வையுங்கள், மாதம் 1 சதவீதம். கிலோ 100 ரூபாய் காஸ்டிங்கில் 60 நாள் கூடுதலாகக் காத்திருந்தால் 2 ரூபாய் போகிறது. திரையில் நாலணா நாலணாவாக இறங்கிக்கொண்டிருக்கிறோம், முழுசாக இரண்டு ரூபாய் திரைக்கு வெளியே கிடக்கிறது!

பையனிடம் மூடச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அவர்கள் பர்ச்சேஸ் ஆபீசுக்கே போய் ஒரு தாளைக் கொடுத்தேன். 90 நாள் என்றால் இந்த ரேட், 30 நாள் என்றால் கிலோவுக்கு 2 ரூபாய் குறைவு, பிக் அயர்ன் ஏறினாலும் இறங்கினாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரேட் மாறும். அங்கே இருந்த தம்பி நல்ல பையன், தாளைப் படித்துவிட்டு, "சார், இதைப் போட மென்பொருளில் இடமே இல்லையே" என்றார்.

கணக்குப் பிரிவு, ஓசூர்:

அண்ணா, 90 நாளே சட்டத்துக்கு ஒத்து வராது. 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தர எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் உச்ச வரம்பு 45 நாள். ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இது காகிதத்தில் பல வருடமாகத் தூங்கியது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு வந்து, கெடுவுக்குள் தராத தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, பணம் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம் என்றதும் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள்.

2024 மார்ச்சில் எங்கள் அலுவலகத்தைப் பார்த்திருக்க வேண்டும். அதுவரை வெண்டர் மாஸ்டரில் (சப்ளையர் பட்டியல்), குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் அரசுப் பதிவான உத்யம் எண்ணுக்கு ஒரு கட்டம் கூடக் கிடையாது. யார் சிறு நிறுவனம், யார் நடுத்தரம், யார் வாங்கி விற்கும் டீலர் என்பதே தெரியாது. இந்த 45 நாள் பாதுகாப்பு நடுத்தரத்துக்கு வராது, டீலருக்கும் வராது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சான்றிதழ் வாங்கினோம். அப்போது ஒரு சப்ளையர் சொன்னார், வேறொரு வாடிக்கையாளர் "உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்களேன், ஆர்டர் தொடரும்" என்றாராம். எனக்குப் பேச்சே வரவில்லை.

பில்லை வைத்து முன்கூட்டியே பணம் வாங்கும் இணையத் தளமான டிரெட்ஸ் பக்கம் யாராவது போயிருக்கிறீர்களா? பில்லை ஏற்றி, வாங்குபவர் ஒப்புக்கொண்டால், வங்கிகள் அதற்குப் போட்டி போட்டு வட்டியைக் குறைக்கும். ஓரிரு நாளில் சப்ளையர் கணக்கில் பணம் வந்துவிடும், கெடு நாளில் வாங்குபவர் வங்கிக்குக் கட்டுவார். கட்டாவிட்டாலும் வங்கி சப்ளையரிடம் திரும்பி வராது. பெரிய கம்பெனியின் பெயரைப் பார்த்து வட்டி போடுவதால் நம் ஓவர்டிராஃப்டைவிடக் குறைவாகவே விழும்.

பவுண்டரி நடத்துபவர்:

சட்டம் தெரியும் தம்பி. தாமதமான பணத்துக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் போட்டவர்களும் எனக்குத் தெரியும். வட்டி வந்ததோ இல்லையோ, அடுத்த ஆர்டர் வரவில்லை. டிரெட்ஸில் எங்கள் வாடிக்கையாளர் சேர்ந்திருக்கிறார், 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் என்றால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று உத்தரவு. சேர வேண்டும் என்றுதான் உத்தரவு, பில்லை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இல்லை. நான் ஏற்றிய பில் அங்கேயே கிடக்கிறது.

மெர்ச்சண்டைசர், திருப்பூர்:

எங்கள் ஊர்க் கதை வேறு. துணி வாங்கும் ஐரோப்பிய பையரின் போர்ட்டலில் ஓப்பன் காஸ்டிங் (costing), அதாவது அடக்க விலையைப் பிரித்துக் காட்டுவது; உங்கள் இரும்புக் காஸ்டிங் இல்லை. நூல் கவுண்ட் (நூலின் பருமன்), துணி எடை, நிட்டிங், டையிங், தைக்கும் நிமிடம் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக நிரப்ப வேண்டும். நிரப்பிவிட்டால் ஒவ்வொரு கட்டத்திலும் தனித்தனியாகப் பேரம். நூலுக்கு மில்கள் மாதா மாதம் விலை சொல்லும். ஆர்டர் விலையோ மாதங்களுக்கு முன்பே பூட்டியாகிவிட்டது. 2022 மே மாதம் நூல் விலைக்காக ஊரே வேலைநிறுத்தம் செய்தது ஞாபகம் இருக்கும். அப்போது ஒரே ஒரு பையர் மட்டும் நூல் கட்டத்தைத் திறந்து மாற்ற விட்டார். இன்றைக்கும் சீசன் நெருக்கடியில் தையல் லைன் கொடுக்க முதலில் அவர் ஆர்டரைத்தான் எடுக்கிறோம்.

பர்ச்சேஸ் மேலாளர், கோவை:

பவுண்டரி அண்ணா, உங்கள் கணக்கை அப்படியே எங்கள் மீட்டிங்கில் போட்டுக் காட்டினேன், மன்னிக்கவும், கேட்காமல் எடுத்துக்கொண்டேன். கோர் உள்ள காஸ்டிங் எல்லாம் இனி ஏலத்துக்குப் போகாது. பிக் அயர்னுக்குத் தனி ஃபார்முலா, மெஷினிங்குக்குப் பிறகு தெரியும் ரிஜெக்‌ஷனில் கூலியைப் பாதிப் பாதி என்று எழுதிவிட்டோம். பழையவரிடமும் பேசிவிட்டேன், பேட்டர்ன்கள் திரும்பிப் போகின்றன. அவர் கேட்டது 30 நாள். எங்கள் நிதிப் பிரிவு 45-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடியும் உட்காருகிறோம்.