மறு: திடீர்மாற்றமா, திரிபா? ஏற்பிப் பாடத்துக்குச் சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

ஹார்மோன் ஏற்பி (ஹார்மோனைப் பிடிக்கும் புரதம்) பற்றிய துணைப்பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மியூட்டேஷன் (மரபணுவில் நேரும் மாற்றம்), பைண்டிங் (ஹார்மோன் ஏற்பியைப் பிடிப்பது), சிக்னலிங் (அதனால் செல்லுக்குள் இயக்கம் தொடங்குவது) மூன்றுக்கும் தமிழ்ச் சொல் கிடைக்காமல் சிக்கி நிற்கிறேன். வளர்ச்சி ஹார்மோனில் 191 அமினோ அமிலங்கள். ஒரு மூலக்கூறு தன் இரு பக்கங்களாலும் இரண்டு ஏற்பிகளைப் பிடித்தால்தான் செல்லுக்குள் ஜாக்2 நொதி முடுக்கப்படும். 120ஆம் இடத்துக் கிளைசினை எடுத்துவிட்டு லைசினை வைத்தால் அங்கிருந்த பள்ளம் அடைபடுகிறது. முதல் ஏற்பியைப் பிடிக்கும், இரண்டாவது சரியாகப் பொருந்தாது, உள்ளே எதுவும் நடக்காது. வளர்ச்சி ஹார்மோன் மிகுவதால் வரும் அக்ரோமெகலி நோய்க்குத் தரும் பெக்விசோமன்ட் மருந்தில் இந்த மாற்றம்தான் முக்கியமானது. ஆக பைண்டிங் வேறு, சிக்னலிங் வேறு. பைண்டிங்கைப் ‘பிணைப்பு’ என்றால், வேதியியலில் சகப்பிணைப்பு படித்த பிள்ளைகள் ஹார்மோன் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டதாக நினைக்கிறார்கள். மியூட்டேஷனுக்குப் பழைய ‘திடீர்மாற்றம்’ போதுமா?

——

தம்பி, போதாது. தலைமுறை தலைமுறையாக வருவதில் திடீர் எங்கே இருக்கிறது? சொற்கள் சேரும்போது எழுத்து மாறுவதைச் சொல்லும் தொல்காப்பியப் புணரியலில் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்று மூன்று திரிபு உண்டே. பொன்+குடம் பொற்குடம், னகரம் றகரமாயிற்று. இன்சுலினின் பி சங்கிலியில் 25ஆம் இடத்து ஃபீனைலலனின் லியூசினாகி ஏற்பியில் பிடி தளர்வதும் (இன்சுலின் சிகாகோ என்பார்கள்) அதே மெய்பிறிதாதல். மரம்+வேர் மரவேர் ஆவது குன்றல், ஒரு பகுதி விடுபடும் டெலிஷனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். யானை+கோடு யானைக்கோடு, மிகுதல், அது புதிதாக ஒன்று நுழையும் இன்செர்ஷன். மூன்றுக்கும் பெயர் தயாராக இருக்கிறது. திரி என்ற வேரே முறுகுதலைச் சொல்வது. விளக்குத்திரி, பால் திரிதல் எல்லாம் அங்கிருந்துதான். புரதச் சங்கிலி முறுகி நிற்கும் ஆல்பா சுருளைக்கூட ‘புரிதிரி’ எனலாம் என்று எனக்கு நெடுநாள் எண்ணம்.

——

ஐயா, இலங்கையில் நாங்கள் ஹார்மோனை ஓமோன், ஏற்பியை வாங்கி, மியூட்டேஷனை விகாரம் என்றே படித்தோம். விகாரம் நன்னூலில் உள்ள சொல்தானே, தோன்றல் திரிதல் கெடுதல் மூன்றுக்கும் பொதுப்பெயர். புதிதாக எதற்கு?

——

நன்னூலில் இருந்தாலும் வடசொல் வடசொல்லே.

——

வடசொல் என்பதல்ல என் கவலை. நான் குழந்தைகள் மருத்துவர். எல்எச் என்ற பருவமாற்ற ஹார்மோனின் ஏற்பியில் 578ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலம் கிளைசினாக மாறினால், பையனுக்கு மூன்று, நான்கு வயதிலேயே பருவமாற்றம் தொடங்கிவிடும். ஹார்மோன் வந்து பிடிக்காமலே ஏற்பி தானாக இயங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தாயிடம் போய் ‘உங்கள் பிள்ளைக்கு விகாரம்’ என்று எப்படிச் சொல்வது? திரிபு பரவாயில்லை. பாடம் எழுதுபவர் இந்த நோயையும் பெக்விசோமன்ட்டையும் அடுத்தடுத்து வையுங்கள். மருந்தில் பிடி உண்டு, இயக்கம் இல்லை. நோயில் பிடியே இல்லாமல் இயக்கம். எந்தச் சொல் போட்டாலும் இந்த வேறுபாடு தப்பக் கூடாது.

——

நன்றி டாக்டர், அப்படியே வைக்கிறேன். இப்போதைக்கு மியூட்டேஷன் திரிபு, பைண்டிங் பற்றல், சிக்னலிங் குறிகடத்தல். ‘வலுவாகப் பற்றும்’, ‘பற்று தளரும்’ என்றெல்லாம் வினையாகவும் எழுத வருகிறது. முதல்முறை வரும் இடத்தில் ‘மியூட்டேஷன் எனப்படும் திரிபு’ என்று போட்டுவிடுகிறேன்.

——

தம்பி, பற்றல் சரி. பருவமடைதல் வரும் பாடத்தில் ‘குறி’ வேண்டாம், வகுப்பு எடுக்க முடியாது.

——

சமிக்ஞை?

——

அதுவும் வடசொல்தானே, அதற்கு விகாரத்தையே வைத்திருக்கலாமே.

——

சரி ஐயா, ‘செய்திகடத்தல்’ என்று மாற்றிவிட்டேன். நேற்றிரவு வரை வந்த மடல்களில் பெரும்பாலோர் திரிபுக்கு இசைந்திருக்கிறார்கள், கோப்பை இன்று அனுப்புகிறேன்.

——

அனுப்புங்கள். ஆனால் ஹார்மோன் செல்லுக்குள் நுழையாமல் வெளியிலேயே நிற்க, உள்ளே நொதிகள் ஒன்றையொன்று முடுக்குவதைச் ‘செய்தி’ என்பது எனக்கு ஒப்பவில்லை. எதுவும் கடத்தப்படவில்லை, தூண்டல்தான் தொடர்கிறது. ‘தொடர்தூண்டல்’ என்று ஏன் இருக்கக் கூடாது? அத்துடன் எங்கள் இலங்கைப் பிள்ளைகளின் கையில் இந்த நூல் வந்தால் திரிபை ‘விகாரம்’ என்றும் அழைப்பர் என ஓர் அடிக்குறிப்பாவது போடுங்கள், பரீட்சையில் அவர்கள் எழுத வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.