தினமும் காலையில் டி டிரைவைச் சோதிக்கும் கணினி: சோதனையை நிறுத்த வழி உண்டா?

வெட்டாறு (நன்னிலம்):

அனைவருக்கும் வணக்கம். சிட்டா, அடங்கல் நகல் எடுத்துத் தருவதும் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்வதுமாக நன்னிலம் அருகே ஒரு சிறிய கணினி மையம் நடத்தி வருகிறேன். விண்டோஸ் 10 உள்ள மேசைக் கணினி. 1 டிபி ஹார்டு டிஸ்க், சி, டி என இரண்டு பிரிவுகள். சில வாரங்களாகக் காலையில் கணினியைப் போட்டவுடன், டி டிரைவைச் சோதிப்பதாகத் திரையில் வரி தோன்றி, விழுக்காடு மெல்ல ஏறத் தொடங்குகிறது. பிழைகள் திருத்தப்பட்டன என்று முடிந்தாலும் மறுநாள் அதே சோதனை மீண்டும் வருகிறது. சம்பா காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்குவதால் விவசாயிகள் விடிந்ததும் வந்து வாசலில் காத்திருக்கிறார்கள். இந்தச் சோதனையே வராமல் செய்ய முடியுமா?

குடமுருட்டி (பாபநாசம்):

முடியும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘செக்என்டிஎஃப்எஸ் /எக்ஸ் டி:’ (chkntfs /x d:) என்று கொடுத்தால், தொடங்கும்போது அந்த டிரைவைச் சோதிக்காது. அன்றைக்கு மட்டும் தவிர்க்க வேண்டுமானால், சோதனை தொடங்குமுன் வரும் சில விநாடி அவகாசத்தில் ஏதேனும் ஒரு விசையை அழுத்தினால் போதும்.

பாமணியாறு (மன்னார்குடி):

வெட்டாறு ஐயா, மேலே சொன்ன கட்டளை வேலை செய்யும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் நிலையில் அதை இப்போது கொடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு டிரைவின் கோப்பு அமைப்பில் ஒழுங்கின்மை இருப்பதாக விண்டோஸ் கருதினால், அந்த டிரைவிலேயே ‘டர்ட்டி பிட்’ என்ற குறியை இட்டு வைக்கிறது. கணினி தொடங்கும்போது அந்தக் குறியைப் பார்த்துத்தான் சோதனை நடக்கிறது. /எக்ஸ் கொடுப்பதால் குறி அழிவதில்லை, கோளாறும் தீர்வதில்லை. சோதனை மட்டும்தான் நிற்கும். திருத்திய மறுநாளே குறி திரும்ப விழுகிறது என்றால், எதுவோ அன்றாடம் அந்த டிரைவைக் கெடுக்கிறது என்று பொருள்.

ஆகவே முதலில் டி பிரிவில் உள்ள ஆவணங்கள் அனைத்தையும் வேறொரு டிஸ்கிற்கு நகலெடுத்துவிடுங்கள். மற்ற எதுவும் அதற்குப் பிறகுதான். அடுத்து ‘எஃப்எஸ்யூட்டில் டர்ட்டி கொயரி டி:’ (fsutil dirty query d:) என்று கொடுத்து, குறி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பின்னர் விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பதிவுகளுக்குள் ‘வின்இனிட்’ (Wininit) என்ற மூலத்தில், 1001 என்ற எண்ணுடன் உள்ள பதிவைத் திறந்தால், காலையில் நடந்த சோதனையின் முழு அறிக்கையும் கிடைக்கும். அதில் ‘பேட் செக்டர்’ (டிஸ்கில் பழுதான சிறு பகுதி) வரிக்கு நேராக எத்தனை கேபி என்று போட்டிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

அதோடு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் மதிப்புகளையும் பார்த்து எழுதுங்கள். பழுதான, சந்தேகத்துக்குரிய செக்டர்களைக் காட்டும் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் ‘ரா’ மதிப்பு (நேரடி எண்ணிக்கை) பூச்சியமாக இல்லாவிட்டால் டிஸ்கின் பரப்பே பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். புதிய டிஸ்க் வாங்குவதே நல்லது. தரவு போய்வரும்போது நேரும் பிழைகளை எண்ணும் சி7 மட்டும் ஏறியிருந்தால் சந்தேகம் டிஸ்கின் மீதல்ல, அதை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளின் மீது. அந்த மென்பொருள் ‘ரா’ மதிப்புகளைப் பதினாறடிமான எண்களாகக் (10 என்றால் 16) காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

நகலெடுக்கும் முன் ‘செக்டிஸ்க் /ஆர்’ (chkdsk /r) கட்டளையைக் கொடுத்துவிட வேண்டாம். அது டிரைவின் ஒவ்வொரு செக்டரையும் படித்துப் பார்ப்பதால் பல மணி நேரம் ஓடும். ஏற்கெனவே நலிந்த டிஸ்க் அந்தச் சுமையிலேயே நின்றுபோகக் கூடும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துக் கடைகளில் மாலையில் ஷட் டவுன் கொடுத்து, மானிட்டர் இருண்டதுமே சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிடுவது வழக்கம். மானிட்டர் இருண்ட பின்னும் சிபியுவின் முகப்பில் உள்ள சிறு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால், டிஸ்கில் எழுதும் வேலை இன்னும் முடியவில்லை. அந்த விளக்கும் மின்விசிறி ஓசையும் அடங்கிய பிறகே சுவிட்சைத் தொட வேண்டும் என்று மையத்தில் உள்ளவர்களுக்குச் சொல்லி வையுங்கள். யுபிஎஸ் பேட்டரி தளர்ந்து, மின்தடை வந்த நொடியே கணினி நின்றுவிடுகிறதா என்பதையும் பாருங்கள்.

அரசலாறு (கும்பகோணம்):

லினக்ஸ் வைத்திருப்போருக்காக ஒரு குறிப்பு. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துபோனால் கணினியின் கடிகாரம் பின்னோக்கிப் போய்விடும். டிஸ்க் கடைசியாக இணைக்கப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருப்பதாகக் கண்டு, தொடங்கும்போது எஃப்எஸ்செக் என்ற டிஸ்க் சோதனை வர வாய்ப்புண்டு. பேட்டரியை மாற்றினாலே அது தீரும்.

வெட்டாறு (நன்னிலம்):

மிக்க நன்றி, ஐயா. ஆவணங்களை வெளி டிஸ்கிற்கு நகலெடுத்துவிட்டேன். அறிக்கையில் பேட் செக்டர் 0 கேபி என்றே உள்ளது. 05, சி5, சி6 மூன்றும் பூச்சியம். சி7 மட்டும் நேற்றைவிட இன்று கூடியிருக்கிறது. யுபிஎஸ் நன்றாகவே தாங்குகிறது.

பாமணியாறு (மன்னார்குடி):

அப்படியானால் கேபிளைத்தான் முதலில் மாற்ற வேண்டும். மின் இணைப்பை முழுவதும் கழற்றிய பிறகு, இரு முனையிலும் கொக்கி உள்ள புதிய சாட்டா கேபிளைப் போடுங்கள். முடிந்தால் மதர்போர்டில் வேறொரு சாட்டா துளையில் செருகுங்கள். பிறகு பிழைகளைத் திருத்தும் ‘செக்டிஸ்க் டி: /எஃப்’ (chkdsk d: /f) ஒருமுறை ஓடட்டும். சி7-இன் எண்ணிக்கை குறையாது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம். இனி ஏறாமல் இருக்கிறதா என்பதே முக்கியம். அப்போதும் ஏறினால் மதர்போர்டையும் பவர் சப்ளையையும் ஆராய வேண்டும்.

இடையில் யாரேனும் /எக்ஸ் கட்டளையைக் கொடுத்திருந்தால், ‘செக்என்டிஎஃப்எஸ் /டி’ (chkntfs /d) என்று கொடுத்து இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.