வறட்சியின் நட்டம் யார் தலையில்?

தூறல்:
மழை முன்பின்னாக வரும் ஆண்டுகளில் ஏழைக் குடும்பத்தின் வருமானம்தான் முதலில் அடிவாங்குகிறது, ஏற்றத்தாழ்வும் கூடுகிறது என்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

வட்டிக்கணக்கு:
மறுக்கிறேன். ஐம்பது ஏக்கர் காய்வதும் ஒரு ஏக்கர் காய்வதும் ஒன்றா? நட்டத் தொகை பெரிய நிலக்காரருக்குத்தான் அதிகம். அந்த ஓர் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இடைவெளி குறைந்ததாகக்கூடத் தெரியும். நிலமும் கடனும் சமமாக இல்லாததற்கு வானத்தின் மேல் பழி போடாதீர்கள்.

தூறல்:
சரி, அடுத்த ஆண்டு? பெரியவர் சேமிப்பைக் கரைத்துச் சமாளிப்பார். சிறியவர் மாட்டை விற்பார். ஊரே ஒன்றாக விற்க வருவதால் பாதி விலைகூடக் கிடைக்காது. வாங்குகிறவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

கூலியும் அப்படித்தான். இந்திய மாவட்டங்களை வைத்து சீமா ஜெயச்சந்திரன் 2006இல் எழுதிய ஆய்வைப் பாருங்கள். விளைச்சல் படுத்த ஆண்டில், வங்கியும் வெளியூர் போக வழியும் குறைவான இடங்களில் கூலி இன்னும் மோசமாகச் சரிகிறது. சாப்பாட்டுக்காக எல்லோரும் அதே வேலைக்குப் போட்டி போடுகிறார்கள், நிலக்காரருக்கு மலிவாக ஆள் கிடைக்கிறது. நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய நட்டத்தில் ஒரு பங்கு கூலிக்காரர் தலையில் இறங்கிவிடுகிறது.

மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் இழப்பு உண்டு. ரோசன்ஸ்வைக், பின்ஸ்வாங்கர் இருவரும் 1993இல் காட்டியது இது: மழை எப்போது தொடங்கும் என்பது நிச்சயமில்லாத இடத்தில், ஏழை உழவர் லாபம் குறைந்தாலும் பரவாயில்லை என்று ஆபத்தில்லாத வழிக்கே போகிறார். வசதியுள்ளவருக்கு அந்தப் பயம் இல்லை.

வட்டிக்கணக்கு:
இதெல்லாம் என் கட்சிக்குச் சாட்சி! வங்கி இருந்தால் கூலி அவ்வளவு சரியாது என்றால், நோய் எது?

வேடிக்கை பார்ப்பவன்:
இடையில் வருகிறேன். ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் பக்கத்து வீட்டில் கைமாற்று கிடைக்கும். வறட்சியில் பக்கத்து வீடும் காலி. அதனால் உள்ளூர்க் கடனை நம்பிப் பயனில்லை, பணம் வெளியிலிருந்து வர வேண்டும். கென்யாவின் மார்சபிட்டில் 2010இல் ஒரு கால்நடைக் காப்பீடு தொடங்கினார்கள். மேய்ச்சல் நிலத்தின் பசுமையைச் செயற்கைக்கோள் அளக்கும், அது குறைந்தால் இழப்பீடு. 2011 வறட்சியில் அந்தப் பணம் வந்தபோது, வசதியான குடும்பங்கள் மாடு விற்பதைக் குறைத்தன. ஏழைக் குடும்பங்கள் வேளைச் சாப்பாட்டைக் குறைக்காமல் தப்பின.

தூறல்:
நல்லது. பிரீமியம் யார் கட்டுவது? சாப்பாட்டையே குறைக்கிறவரா?

வட்டிக்கணக்கு:
அவருக்கு அரசு கட்டட்டும், ஆட்சேபம் இல்லை. பெரிய மந்தைக்காரருக்கு என் வரிப்பணத்தில் ஒரு காசு கிடையாது.