வகை சரிபார்ப்பா, வகையறிதலா?

வணக்கம்.

ஒரு மாறிக்குள் (மதிப்பை வைத்திருக்கும் பெயருக்குள்) இருக்கும் தரவு எண்ணா, உரையா, என்ன வகை என்று, தரவுத்தளத்திடம் பேசும் வினவல் மொழியில் கேட்கும் செயலுக்கு 'வகை சரிபார்ப்பு' என்ற சொல்லே போதும் என்று நம் கலைச்சொல் குழுவில் ஐயா எழுதியிருந்தார். இரண்டு நாளாக யோசித்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரிபார்க்க வேண்டுமானால் சரியானது எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். மளிகைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பையில் இருப்பதைச் சரிபார்க்கிறோம். ஆரணி அரிசிக் கடையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்து "இது என்ன ரகம்?" என்று கேட்பது வேறு. அங்கே தெரியாமல்தான் கேட்கிறோம். போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருள்களில் உள்ள பிஜி_டைப்ஆஃப், டைப்ஆஃப் என்ற சார்புகள் (ஃபங்ஷன்கள்) இரண்டும் இப்படிக் கேட்பவைதான்.

இந்த வேறுபாடு எனக்கு உறைத்தது ஒரு தோல் தொழிற்கூடத்தின் வாடிக்கையாளர் பட்டியலில். எஸ்டிடி குறியீட்டுக்குத் தனி நெடுவரிசை. அதை முழு எண் என்று எஸ்கியூலைட்டில் அறிவித்திருந்தார்கள். வேலூரின் 0416, வெறும் 416 ஆகிவிட்டது. ராணிப்பேட்டையின் 04172க்கும் அதே கதி. எண்ணாக மாற்ற முடிந்ததை அது மாற்றிக்கொண்டது, முன்னால் இருந்த சுழியம் போயே போய்விட்டது. அதே நெடுவரிசையில் யாரோ 'இல்லை' என்று தட்டியிருந்தார்கள். மாற்ற முடியாததால் அதை மட்டும் சத்தமில்லாமல் உரையாகவே வைத்திருந்தது! போஸ்ட்கிரெஸாக இருந்தால் பிழை காட்டி உள்ளேயே விட்டிருக்காது. அப்படித் தடுப்பதுதான் சரிபார்ப்பு. டைப்ஆஃப் போட்டபோது ஒரு வரிசைக்கு 'இன்டீஜர்' (முழு எண்), இன்னொன்றுக்கு 'டெக்ஸ்ட்' (உரை) என்று வந்ததே தவிர, எது தப்பு என்று அது சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் இல்லை.

இன்னொன்று. எஸ்கியூலைட்டில் வகை என்பது நெடுவரிசைக்கு உரியதல்ல, உள்ளே இருக்கும் மதிப்புக்கு உரியது. நம் விளக்கத்தில் 'மாறியின் வகை' என்று இருப்பதை 'மாறியில் உள்ள மதிப்பின் வகை' என்று மாற்றினால் நல்லது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'வகை வினவல்' என்று முதலில் நினைத்தேன். வினவல் மொழிக்குள்ளேயே இன்னொரு வினவலா என்று குழப்பம் வரும். ரகமும் தினுசும் எங்கள் வட ஆற்காட்டு வாய்க்கு இனிப்பவை, ஆனால் உருது வழி வந்தவை என்று குழுவில் பாதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். தரவின் வகையை 'தரவினம்' என்றும் எழுதுகிறார்கள். 'இனமறிதல்' என்றால் ஏதோ சாதிச் சான்றிதழ் விசாரணை மாதிரி ஒலிக்கிறது.

ஆகவே செயலுக்கு 'வகையறிதல்', சார்பின் பெயராக 'வகையறி'. ஏவல் வினை, குட்டையாக இருக்கிறது, அடைப்புக்குறிக்கு முன்னால் ஒட்டி நிற்கும். 'வகை சரிபார்ப்பு' தப்பான வகையைத் தடுக்கும் வேலைக்கே இருக்கட்டும்.

ஒரே ஒரு பயம்: பட்டாவில் 'இன்னார் வகையறா' என்று படித்துப் பழகிய கண்ணுக்கு 'வகையறி' எப்படித் தெரியும்? வீட்டில் காட்டினேன், "யார் நிலம்?" என்றுதான் கேட்டார்கள். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறதா?