ஸ்டோரேஜ் பெட்டியை ஸ்கிரிப்ட் வைத்து மேய்க்கிறவர்களே, எங்கே அடி வாங்கினீர்கள்?

நானே ஆரம்பிக்கிறேன். நெட்ஆப் ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கிற எல்லா வால்யூமின் (டேட்டா வைக்கப் பிரித்த பகுதி) அளவையும் தினமும் காலையில் மெயிலில் அனுப்ப, எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய் கமாண்ட் அடிக்கிற மாதிரி ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். டெஸ்ட் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு வால்யூம்தான், அழகாக ஓடியது. புரொடக்‌ஷனில் விட்டால் அசையவே இல்லை. ஃபயர்வால்தான் காரணம் என்று நெட்வொர்க் ஆளோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது: ஒரு திரை நிறைந்ததும் ஆன்டாப் (அந்தப் பெட்டியின் ஆப்பரேட்டிங் சிஸ்டம்), மேற்கொண்டு காட்ட ஸ்பேஸ் பாரைத் தட்டு என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது, ராத்திரி மூன்று மணிக்குத் தட்ட ஆள் ஏது. முதல் வரியில் ‘ரோஸ் 0’ (நிறுத்தாமல் முழுவதையும் காட்டு) என்று போட்டதும் சரியாகிவிட்டது. அப்புறம் வந்தது அடுத்த கூத்து. வால்யூம் பெயர் நீளமாக இருந்தால் மீதி விவரம் அடுத்த வரிக்குப் போய்விடும், நான் வரியில் ஐந்தாவது பத்தியை (நெடுவரிசையை) எடு என்று எழுதியிருந்தேன். அளவு இருக்க வேண்டிய இடத்தில் மேனேஜருக்கு ‘ஆன்லைன்’ என்று மெயில் போனது.

——

அண்ணே, உங்களுக்கு மெயிலோடு போச்சு. நான் வால்யூமையே அழித்தவன்.

பழைய புராஜெக்ட் வால்யூம்களை நீக்க ஒரு ஸ்கிரிப்ட். ஒவ்வொரு தடவையும் ‘நிச்சயமா?’ என்று கேட்டு நின்றுவிடுகிறதே என்று ‘செட் கன்ஃபர்மேஷன்ஸ் ஆஃப்’ போட்டு வைத்திருந்தேன். பட்டியல் கோப்பில் ஒரு பெயர் தப்பு, பேச்சே இல்லாமல் அன்மவுண்ட், ஆஃப்லைன், டெலீட். பத்து நிமிடத்தில் டெவலப்பர் கூட்டம் என் மேஜைக்கு வந்துவிட்டது, கை நடுங்கியது நிஜம்.

காப்பாற்றியது ரெகவரி க்யூ. டெலீட் செய்த வால்யூமை ஆன்டாப் உடனே அழிப்பதில்லை, நாம் மாற்றாத வரை 12 மணி நேரம் வைத்திருக்கும். டயக் பிரிவிலேஜுக்கு (கோளாறு பார்க்கும் வேலைக்கான உயர் அனுமதி நிலை) போய்ப் பார்த்தால், பெயருக்குப் பின்னால் ஒரு எண் ஒட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது. மீட்டு, ஆன்லைன் ஆக்கி, பெயரைத் திருத்தி, திரும்ப மவுண்ட் செய்தேன். இப்போது ஸ்கிரிப்ட் எதையும் டெலீட் செய்யாது, ஆஃப்லைன் மட்டும். ஒரு வாரம் யாரும் கத்தவில்லை என்றால் நானே கையால் நீக்குவேன்.

——

ரெஸ்ட் ஏபிஐக்கு (ஸ்கிரிப்ட் பெட்டியோடு நேரடியாகப் பேசும் வழி) வாங்க நண்பர்களே, ஆன்டாப் 9.6-லிருந்தே இருக்கிறது. பதில் புரோகிராம் நேராகப் படிக்கிற ஜேசன் வடிவில் வரும், அளவு பைட்டில் வரும், பத்தி எண்ணுகிற தலைவலி இல்லை. ஆனால் ‘நிச்சயமா?’ என்று அதுவும் கேட்காது, டெலீட் என்றால் டெலீட்தான்.

என் அடி வேறு மாதிரி. வால்யூம் உருவாக்கச் சொன்னேன், 202 என்ற பதில் எண் வந்தது, ஆஹா முடிந்தது என்று அடுத்த வரியிலேயே அதற்குள் லன் (சர்வருக்கு டிஸ்க் போலத் தெரியும் பகுதி) உருவாக்கினேன். டெஸ்டில் ஒரு தடவை கூடத் தப்பவில்லை. வேலை நெருக்கடியில் இருந்த பெட்டியில் மட்டும் ‘அப்படி ஒரு வால்யூமே இல்லை’ என்றது. 202 என்றால் ‘வேலையை வாங்கிக்கொண்டேன்’ என்றுதான் பொருள், கூடவே ஒரு ஜாப் எண் தரும், அது சக்சஸ் ஆகும் வரை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். சோம்பேறிகளுக்கு ‘ரிட்டர்ன் டைம்அவுட்’ இருக்கிறது, 120 விநாடி வரை கொடுக்கலாம், வேலை முடியும் வரை, அதிகபட்சம் அவ்வளவு நேரம், பதில் சொல்லாமல் பிடித்து வைத்திருக்கும். கொடுக்காவிட்டால் அது பூஜ்யம், நான் கொடுக்கவில்லை.

——

முதல் பதிவுக்காரன்தான். இன்று உட்கார்ந்து ஏபிஐக்கு மாற்றினேன். மேனேஜருக்கு இப்போது பைட்டில் மெயில் போகிறது, பதிமூன்று இலக்கம். இது என்ன போன் நம்பரா என்று கேட்கிறார்.