டாம் பியூக்கனன்: மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க

கடற்காகம்:
'தி கிரேட் கேட்ஸ்பி' படிச்சவங்களுக்கு மட்டும், கதைச்சுருக்கம் கிடையாது. ஏழாம் அத்தியாயம், டெய்சியோட பணக்காரப் புருஷன் டாம் வீட்டு வாசல், எல்லாரும் நியூயார்க் கிளம்பறாங்க, டெய்சியைக் காதலிக்கற கேட்ஸ்பியும்தான். கேட்ஸ்பியோட மஞ்சள் காரை நான் ஓட்டறேன், என் வண்டியை நீ எடுத்துக்கோங்கறான் டாம். பெட்ரோல் அதிகம் இருக்காதேன்னு கேட்ஸ்பி இழுக்கறான். டாம் மீட்டரைப் பார்த்துட்டு, நிறைய இருக்கு, தீர்ந்தா மருந்துக்கடையில நிறுத்திக்கலாம், இப்பல்லாம் அங்க எது வேணும்னாலும் கிடைக்குதேங்கறான். அந்த ஒரு குத்தல்தான் எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. 1922 கோடைக்காலம், மதுவிலக்கு அமல்ல இருக்கு. டாக்டர் சீட்டு இருந்தா மருந்துக்கடையில விஸ்கி வாங்கலாம். கேட்ஸ்பியும் அவன் கூட்டாளி வுல்ஃப்ஷைமும் சந்து மருந்துக்கடைகளா வாங்கிப்போட்டு சாராயம் வித்ததை டாம் ஏற்கனவே விசாரிச்சு வெச்சிருக்கான். பிளாசா ஓட்டல்ல போட்டு உடைக்கப்போறதை வாசல்லயே கோடி காட்டிட்டான். டெய்சி முகம் சுளிக்கறா, கேட்ஸ்பி முகத்துல இன்னதுன்னு சொல்ல முடியாத ஒரு பாவம் வந்து போகுது.

ரெண்டாம் வாசிப்பு:
குத்தல் பேச்சைப் பிடிச்சுக்கிட்டு கையை விட்டுட்டீங்களே. ரெண்டாம் அத்தியாயம், டாமும் அவன் கள்ளக்காதலி மிர்ட்டிலும் சந்திக்கற 158-ஆம் தெரு ஃபிளாட், நள்ளிரவு. டெய்சி பேரைச் சொல்லாதேன்னா மிர்ட்டில் கேக்கலை, திரும்பத் திரும்பச் சொல்றா. ரெண்டு பேரும் ஆவேசமா வாதாடறாங்க. விரிச்ச கையால ஒரே வீச்சு, மூக்கு உடைஞ்சுடுது. அடிக்கு ஒரே ஒரு வாக்கியம்தான். அடுத்த வரியில குளியலறைத் தரை முழுக்க ரத்தத் துண்டுகள். எனக்கு மறக்காதது அதுக்கும் அடுத்தது: சோபாவுல கிடக்கற மிர்ட்டில், ரத்தம் ஒழுக ஒழுக, வெர்சாய் காட்சி நெய்த உறையில கறை பட்டுடக்கூடாதுன்னு ஒரு கிசுகிசுப் பத்திரிகையை எடுத்து விரிக்கப் பார்க்கறா.

முதல் அத்தியாயத்துலயே டெய்சியோட சுண்டுவிரல் கன்னிப்போயிருக்கு. தெரியாம பட்டதுதான்னு அவளே சொல்லிடறா. ஆனா தடியன்னு சொன்னது மட்டும் டாமுக்குப் பொறுக்கலை. விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்லாதேங்கறான்.

முத்துச்சரம்:
அடிக்கிற கணவன் எந்த நாவலிலும் கிடைப்பான். டாமைத் தனியாகக் காட்டுவது அவனுடைய பணம். 1919 ஜூன், லூயிவில் நகரில் கல்யாணம். நான்கு தனி ரயில் பெட்டிகளில் நூறு பேரைக் கூட்டிவருகிறான், ஓட்டலில் ஒரு மாடி முழுவதையும் எடுக்கிறான், முந்தின நாள் 3,50,000 டாலர் மதிப்புள்ள முத்துமாலை கொடுக்கிறான். அன்று மாலை டெய்சி குடித்துவிட்டு அந்த மாலையைக் குப்பைக்கூடையில் போடுகிறாள். கையில் ஒரு கடிதம். குளிர்ந்த நீர்த் தொட்டியில் உட்கார வைத்தும் கடிதத்தை விடவில்லை. அது நனைந்து பிய்ந்து போகிறது. அரை மணி நேரத்தில் மாலை அவள் கழுத்துக்குத் திரும்பிவிடுகிறது. என்னைத் தொந்தரவு செய்வது இதுதான்: அந்த அறையில் டாம் இல்லவே இல்லை. அவன் வர வேண்டிய அவசியமும் இல்லை.

ஆகஸ்டில் வென்ச்சுரா சாலையில் ஒரு வண்டி மேல் காரை மோதி முன்சக்கரத்தைப் பிய்த்துக்கொள்கிறான். கை முறிந்தது கூட வந்த பெண்ணுக்கு, சாண்டா பார்பரா ஓட்டலில் வேலை பார்ப்பவள். தேன்நிலவு முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

பழைய பேப்பர்:
என் காட்சி சின்னது. மஞ்சள் கார் மோதி மிர்ட்டில் சாகற விபத்தை நேர்ல பார்த்த மைக்கேலிஸ், முதல்ல வந்த போலீஸ்காரர்கிட்ட காரோட நிறம் இளம்பச்சைன்னு சொல்றான். அவ்வளவுதான்.

கேட்காமலே ஒரு யோசனை. ஏழாம் அத்தியாயத்துல நிறைய பேர் குழம்பறது எந்தக் கார்ல யாருங்கறதுலதான். ஒரு தாளை எடுத்து ரெண்டு வரிசை போடுங்க. போகும்போது: மஞ்சள் காரை டாம் ஓட்டறான், கூட டெய்சியோட தோழி ஜோர்டனும் கதை சொல்ற நிக் கேரவேயும், டாமோட நீலக் கூப்பேல கேட்ஸ்பியும் டெய்சியும். திரும்பும்போது: மஞ்சள் கார்ல கேட்ஸ்பியும் டெய்சியும், ஓட்டறது டெய்சி, கூப்பேல மத்த மூணு பேர். நடுவுல ஒரு கோடு இழுத்து 'வில்சன் கராஜ்'னு எழுதுங்க, மிர்ட்டிலோட புருஷன் வில்சன் நடத்தறது. போகும்போது பெட்ரோலுக்கு அங்கதான் நிறுத்தறாங்க, டாம் நிறைய இருக்குன்னு சொன்ன அதே பெட்ரோல்! மேல் ஜன்னல்ல நின்னு மிர்ட்டில் பார்க்கறா. மஞ்சள் காரை ஓட்டறது டாம், கூட இருக்கற ஜோர்டன்தான் அவன் பெண்டாட்டின்னு நினைச்சுக்கறா. ராத்திரி அதே கார் வரும்போது நடுரோட்டுக்கு ஓடிவந்து நிறுத்தப் பார்க்கறது அதனாலதான். கார் மாத்தற யோசனை டாமோடது. அடுத்த வரிசையையும் அவனே முடிவு பண்றான், ஜெயிச்ச திமிர்ல: நீங்க ரெண்டு பேரும் கேட்ஸ்பி கார்லயே போங்கன்னு. படம் மட்டும் பார்த்தவங்க இந்த ரெண்டாவது உத்தரவைக் கோட்டை விட்டுடறாங்க. (2013 படத்துல வுல்ஃப்ஷைமா வந்த அமிதாப்பைத்தான் நம்மாளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்.) பென்சில்ல எழுதுங்க, முதல் தடவை நிச்சயம் தப்பும்.

ரெண்டாம் வாசிப்பு:
தாளெல்லாம் சரி. அப்போ மிர்ட்டில் மூக்கு எந்த வரிசையில வரும்?

முத்துச்சரம்:
இரண்டாம் வாசிப்பு சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் விருந்து மேசையில் டாம் ஒரு புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, வெள்ளை இனம் மூழ்கப்போகிறது என்று உளறுவானே, அது வெறும் முட்டாள்தனம் இல்லை. 1920-இல் ஸ்டாடர்ட் எழுதிய அப்படியொரு புத்தகம் நிஜமாகவே இருந்தது. 1924-இல் குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தும் சட்டமும் வந்துவிட்டது. நாவல் வெளியானது 1925 ஏப்ரல்.

கடற்காகம்:
கடைசி அத்தியாயத்தை யாருமே தொடலையே. அக்டோபர் கடைசி, ஐந்தாவது அவென்யூ, நகைக்கடை வாசல். கேட்ஸ்பியைச் சுட்டுக் கொன்ன வில்சன்கிட்ட கார் யாரோடதுன்னு சொன்னது நான்தான்னு டாம் ஒத்துக்கறான். நானும்தான் கஷ்டப்பட்டேன், ஃபிளாட்டைக் காலி பண்ணப் போனப்போ அந்த நாய் பிஸ்கட் டப்பாவைப் பார்த்து குழந்தை மாதிரி அழுதேங்கறான். ரெண்டாம் அத்தியாயத்துல மிர்ட்டிலுக்காகப் பத்து டாலர் கொடுத்து வாங்கின நாய்க்குட்டியோட பிஸ்கட். நிக் கை குலுக்கினதும் கடைக்குள்ள போயிடறான், முத்துமாலையோ சட்டைக்கைப் பொத்தானோ வாங்க.

பழைய பேப்பர்:
வில்சனுக்குச் சந்தேகம் வந்ததும் வெள்ளி பின்னின அந்த நாய்ச் சங்கிலியாலதான், மிர்ட்டில் காகிதத்துல சுத்தி வெச்சிருந்தது. சரி, நாய் என்ன ஆச்சு?

கடற்காகம்:
சொல்லவே இல்லை. டப்பா மட்டும்தான்.