சங்க இடாப்பில் 214 பேர், ஊரில் பாதிப்பேர்: நிருவாகத் தெரிவில் யாருக்கு வாக்கு? (திருமலை)

ஒழுங்கைக்காரன்

வணக்கம். திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கும் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கம் பற்றிய கேள்வி. மூன்று வருடமாக வருடாந்தப் பொதுக்கூட்டம் நடந்து முடியவில்லை. கூட்டுவார்கள், கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது வர வேண்டிய ஆள் தொகை) இல்லை என்று கலைப்பார்கள், பழைய நிருவாகமே தொடரும்.

இடாப்பில் 214 பெயர். யாப்பின்படி கோரம் மூன்றில் ஒன்று, ஆக 72 பேர் வர வேண்டும். ஆனால் அந்த 214இல் காலமானவர்கள், கனடா போனவர்கள், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுக் கொழும்பில் இருப்பவர்கள் எல்லாரும் அடக்கம். புதிதாகக் குடிவந்த நாற்பது குடும்பங்களின் விண்ணப்பம் இன்னும் "பரிசீலனையில்". சந்தா கட்டப் போனால் பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகம் முடிந்துவிட்டது என்கிறார். அடுத்த கூட்டத்துக்குக் கொழும்பில் இருப்பவர்களிடம் கடிதம் வாங்கிப் பதிலாள் வாக்குப் போடப் போவதாகவும் கதை.

பதிலாள் வாக்கு செல்லுமா? வாடகைக்கு இருப்பவருக்கு வாக்கு உண்டா? எங்கிருந்து தொடங்குவது?

ஏட்டுக்கணக்கு

இடாப்பிலிருந்து தொடங்குங்கள். கோரம் இல்லாமல் கூட்டம் கலைவது தற்செயல் அல்ல. இடாப்பு எவ்வளவு ஊதிக் கிடக்கிறதோ அவ்வளவுக்குக் கோரம் எட்டாது. எட்டாதவரை இருப்பவர்கள் அசைய வேண்டியதில்லை. தேர்தல் நாளில் போய்ச் சத்தம் போட்டு இதை வெல்ல முடியாது.

முதலில் யாப்பு. செயலாளர் வீட்டில் இருக்கும் பிரதியை நம்ப வேண்டாம், பதிவுக்குக் கொடுத்த பிரதிதான் வேண்டும். பிரதேச செயலகத்தில் உங்கள் பிரிவுக்குரிய கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். இழுத்தடித்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் உத்தியோகத்தருக்கு எழுத்தில் கொடுங்கள். "சங்கம் பற்றிய விபரம்" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் வராது. பதிவுசெய்யப்பட்ட யாப்பும் அதன் திருத்தங்களும், கடைசியாகச் சமர்ப்பித்த அங்கத்தவர் பட்டியல், கடைசிக் கணக்கறிக்கை, கடைசித் தெரிவின் கூட்டறிக்கை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு.

யாப்பில் நான்கு இடத்தைப் பாருங்கள்: அங்கத்துவம் எப்படி முடிவுக்கு வருகிறது, விசேட பொதுக்கூட்டத்தை எத்தனை பேர் கையெழுத்திட்டுக் கேட்கலாம், கோரம் இல்லாமல் ஒத்திவைத்த கூட்டத்துக்கு என்ன விதி, புதிய அங்கத்தவர் எவ்வளவு காலத்தின் பின் வாக்களிக்கலாம். மூன்றாவதை ஊரில் யாரும் வாசிப்பதில்லை. பல யாப்புகளில், ஒத்திவைத்த கூட்டத்துக்கு வந்தவர்களே கோரம் என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதிலும் இருந்தால் மூன்று வருடச் சிக்கல் ஒரே மாதத்தில் தீரும்.

அந்த வரி இல்லையென்றால் 72 பேரை ஒரு தடவையாவது திரட்டித்தான் ஆக வேண்டும். விசேட பொதுக்கூட்டத்துக்கும் அதே கோரம்தான். அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இரண்டே விடயம் போடுங்கள்: இடாப்புத் திருத்தம், நிலுவையிலுள்ள விண்ணப்பங்கள். தெரிவை அன்றே வைக்க ஆசை வரும், வேண்டாம். காலையில் சேர்த்தவர் மாலையில் வாக்களித்தார் என்ற ஒரு முறைப்பாடு போதும், முழுத் தெரிவும் கேள்விக்குள்ளாகும்.

நடுவன்

பதிலாள் வாக்கு: யாப்பில் இடம் இருந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. இத்தகைய சங்கத்தில் நேரில் வந்து வாக்களிப்பதே பொது விதி. எழுதிக் கொடுத்த அதிகாரம் யாப்பு அனுமதித்தால்தான் செல்லும். வாட்ஸ்அப்பில் "நான் ஆதரவு" என்று போடுவதற்கும் இதே பதில். யாப்பு அனுமதித்தாலும் ஒருவர் எத்தனை கடிதம் கொண்டுவரலாம், எப்போதைக்கு முன் செயலாளரிடம் கொடுக்க வேண்டும் என்று பாருங்கள். மேசையில் திடீரென்று விழும் முப்பது கடிதங்களைத் தடுப்பது அந்த இரண்டு நிபந்தனைகள்தான்.

வாடகைக் குடியிருப்பாளர்: யாப்பு "பிரிவில் வதியும்" என்று சொன்னால் காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பது பொருட்டல்ல. விதானையின் (கிராம உத்தியோகத்தரின்) வதிவிடச் சான்றிதழ் போதும். "காணி உரிமையாளர்" என்று இருந்தால் கதை வேறு. இரண்டையும் சொல்லாமல் "கிராமத்தவர்" என்று மட்டும் எழுதியிருக்கும் யாப்புகளில்தான் அடிபிடி. அரசாங்கத் தேர்தலின் வாக்காளர் இடாப்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அது வதிவுக்கு ஒரு சான்று மட்டுமே, அதில் பெயர் இருப்பதால் சங்கத்தில் வாக்கு வந்துவிடாது.

போஷகர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மேடையில் உட்கார்ந்திருப்பதால் வாக்குக் கிடையாது. சந்தா கட்டிய அங்கத்தவராகவும் இருந்தால்தான்.

சந்தா விடயம் பழைய தந்திரம். காசை வாங்க மறுத்து, பிறகு "நிலுவை, ஆகவே வாக்கில்லை" என்பார்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கிலேயே கட்டி, சிட்டையில் பெயரையும் எந்த வருடத்துக்கு என்பதையும் எழுதுங்கள். அல்லது பொருளாளரின் பெயருக்குக் காசுக்கட்டளை எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அவர் திருப்பி அனுப்பினாலும் நீங்கள் கட்ட முன்வந்ததற்கு அந்த உறையே சாட்சி.

ஏட்டுக்கணக்கு ஐயாவோடு ஒரு சின்ன மாறுபாடு. இடாப்பைத் திருத்தும்போது வெளிநாட்டில் இருப்பவர்களை ஒரே கோட்டில் வெட்டக் கூடாது. காலமானவர் வேறு, வெளியேறியவர் வேறு. வெளியேறியவருக்குக் கடைசி விலாசத்துக்குப் பதிவுத் தபால், பதில் சொல்ல அவகாசம், பிறகு பெயரையும் காரணத்தையும் குறித்த தீர்மானம். முடிந்தால் யாப்பையே திருத்தி அவர்களை வாக்கில்லாத, கோரத்தில் சேராத கௌரவ அங்கத்தவர் ஆக்குங்கள். கோயில் திருவிழாவுக்கும் நூலகத்துக்கும் காசு அனுப்புகிற ஆட்களைப் பகைத்துக்கொண்டு ஊரில் என்ன நடக்கும்?

சாம்பல்தீவுப் பாலம்

இடையில் ஒரு கேள்வி. நிலாவெளி வீதியில் காணியைத் துண்டுபோட்டு விற்ற ஒருவர், விற்காத துண்டு ஒவ்வொன்றுக்கும் தனக்கு மூன்று வாக்கு என்கிறார். இணையத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

நடுவன்

அது அமெரிக்க வீட்டுரிமையாளர் சங்கங்களின் நடைமுறை. அங்கே மனையோடு சேர்த்துப் பதியும் ஆவணத்திலேயே விற்பவருக்குக் கூடுதல் வாக்கு எழுதப்பட்டிருக்கும், குறித்த பங்கு விற்றதும் அது முடியும். இங்கே சட்டத்தால் அப்படியொன்றும் தானாக வராது. உங்கள் உறுதியிலும் சங்க யாப்பிலும் எழுதியிருந்தால் மட்டும் பேச்சு. நில அளவை வரைபடத்தில் பாதை எந்தத் துண்டு, யார் பெயரில் என்று காணிப் பதிவகத்தில் பாருங்கள். பாதை உள்ளூராட்சி சபைக்குக் கையளிக்கப்பட்டிருந்தால் அதில் அவருக்குப் பிடி இல்லை. மாடிக்குடியிருப்பு என்றால் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டம், அது தனி உலகம். அதற்குத் தனி இழை திறவுங்கள்.

ஒழுங்கைக்காரன்

நன்றி. யாப்பில் ஒத்திவைத்த கூட்டம் பற்றிய வரி இருக்கிறது! ஒரு கிழமை கழித்து அதே நேரம், அதே இடம், வந்தவர்களே கோரம். அப்படியென்றால் தெரிவு நாளில் என்ன கவனிக்க வேண்டும்? தோற்றால் ஏடுகளைத் தரமாட்டார்கள் என்பது நிச்சயம்.

ஏட்டுக்கணக்கு

முதற் கூட்டத்தின் கூட்டறிக்கையில் "கோரம் இல்லை, யாப்பின் இன்ன பிரிவின்படி இன்ன திகதிக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதுவரை "கலைக்கப்பட்டது" என்று எழுதியதால்தான் அந்த வரி வேலை செய்யாமல் கிடந்தது. நிலுவை விண்ணப்பங்கள் அதற்கு முன் ஏற்கப்படாவிட்டால் அந்த நாற்பது குடும்பத்துக்கும் இந்த முறை வாக்கு இருக்காது, அதையும் மனதில் வையுங்கள்.

தெரிவு நாளில் வாசலில் ஒரு மேசை, திருத்திய இடாப்பு, அடையாள அட்டை பார்த்துக் கையெழுத்து, கையெழுத்துக்கு ஒரு சீட்டு. தெரிவு தொடங்கும்போது மேசையை மூடி, கையெழுத்து எண்ணிக்கையைச் சத்தமாக வாசியுங்கள். பெட்டியில் அதைவிட ஒரு சீட்டுக் கூடினாலும் அந்தப் பதவிக்கு மறுபடியும் வாக்கெடுங்கள். போட்டியிடாத ஒருவரைத் தற்காலிகத் தலைவராக்குங்கள். கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரை அவதானிக்க எழுத்தில் அழையுங்கள். கையுயர்த்தல் வேண்டாம், ஒழுங்கைக்குள் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். வாக்குச் சமன் என்றால் தலைவரின் தீர்க்கும் வாக்கு யாப்பில் இருந்தால்தான், இல்லையேல் திருவுளச்சீட்டு. "ஏனைய விடயங்கள்" என்ற தலைப்பில் யாரையும் பதவி நீக்கவோ யாப்பைத் திருத்தவோ விடாதீர்கள். அறிவித்தலில் இல்லாதது செல்லாது.

கையளிப்பு அன்றைக்கே: பற்றுச்சீட்டு அடிக்கட்டைகள், அறிக்கைப் புத்தகம், வங்கிப் புத்தகம், இறப்பர் முத்திரை, மண்டபத் திறப்பு. தராவிட்டால் எதைத் தரவில்லை என்று பட்டியல் எழுதி இரண்டு சாட்சியுடன் பதிவுத் தபால். மறுநாளே கூட்டறிக்கைப் பிரதியோடு வங்கிக்குப் போய்ப் பழைய கையொப்பங்களை நிறுத்தும்படி எழுதிக் கொடுங்கள். இரண்டு தரப்பும் தாங்களே நிருவாகம் என்றால் வங்கி கணக்கை முடக்கி வைக்கும். வீதி வேலை ஒப்பந்தம் ஏதும் கையில் இருந்தால் கூலி கொடுக்கவே முடியாது, அதனால் நடக்கும் வேலைகளின் பட்டியலையும் பிரதேச செயலகத்துக்குக் கொடுத்து வையுங்கள்.

நடுவன்

அதற்குப் பிறகும் முரண்டு பிடித்தால் மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம். சட்டத்தரணி இல்லாமல் நேரில் பேச வேண்டும். அவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் இணக்கம். ஏடு கையளிப்புக்கு இது நன்றாக வேலை செய்யும். பொய்யான பதிலாள் வாக்கோடு கூட்டம் நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே காத்திருக்க நேரமில்லை, கூட்டத் திகதிக்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க ஒரு சட்டத்தரணியைப் பிடியுங்கள். கூட்டறிவித்தலின் மூலப் பிரதியையும் அது வந்த உறையையும் எறியாமல் வைத்திருங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.